சாணி வண்டோடு கொழும்புக்கு

ஒக்டோபர் 13, திங்கள்: இரவு பஸ்

நாங்கள் காட்டில் பிடித்த ஒரு சாணி வண்டு புதிய இனமா இல்லையா என்பதை மட்டக்களப்பில் இருந்துகொண்டே தீர்மானிக்க முடியாது. கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் பழைய மாதிரிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அனுமதிக் கடிதம் கிடைத்ததும் எங்கள் சேர், "இனிச் சுணங்காதே பிள்ளை" என்றார். தீபாவளிக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டும் என்றார் அம்மா. சரி என்று பஸ் ஏறினேன்.

பெட்டியை மேல் தட்டில் வைக்கச் சொன்னார் நடத்துநர். மறுத்துவிட்டேன். உள்ளே இருப்பவை முக்கோண அட்டையின் முனையில் பசையால் ஒட்டி, அந்த அட்டையை ஊசியில் குத்திவைத்த வண்டுகள். பெரியதுகூட 6 மில்லிமீற்றரை எட்டாது. ஒரு குலுக்கலில் கால் கழன்றுவிடும். அதனால் மடியிலேயே வைத்திருந்தேன். வாழைச்சேனை தாண்டியதும் ஏசித் துவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கி, மேலே இருந்த பைகள் எல்லாம் நனைந்தன. என் உடுப்புப் பையும் நனைந்தது. நடத்துநர் ஒரு பழைய பேப்பரை மடித்துத் துவாரத்தில் செருகிவிட்டுப் போனார். அரை மணித்தியாலத்தில் பேப்பரும் ஊறி விழுந்தது.

பக்கத்து இருக்கையில் காத்தான்குடி லாத்தா ஒருவர். மகளுக்குக் குழந்தை கிடைத்திருக்கிறதாம், பார்க்கப் போகிறார். "என்ன புள்ள அது, கேக்கா?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டார். சாணி வண்டு என்றேன். முகத்தைச் சுளிக்கவில்லை. "எங்கட வாப்பா மாட்டுப்பட்டி வெச்சிருந்தவர். மழை பெஞ்ச அடுத்த நாள் சாணி முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கும். அந்த வண்டா?" என்றார். அதே வண்டுதான். சாணிக்கு அடியில் சுரங்கம் தோண்டி, உருண்டை உருண்டையாகச் சாணியை இறக்கி, ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு முட்டை இடும் வகை. நான் புத்தகத்தில் படித்ததை அவர் சின்ன வயதில் பட்டியிலேயே பார்த்திருக்கிறார். வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் மாசிச் சம்பலையும் பாதி எனக்குத் தந்தார். வேண்டாம் என்றால் கோபிப்பார் போலிருந்தது. வாங்கிச் சாப்பிட்டேன், நல்ல ருசி.

ஹபரணைக்குக் கிட்ட யானைகள் வீதியைக் கடக்க, பஸ் நின்றது. எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தார்கள். ஒரு குவியல் யானை லத்தியில் ஒரே இரவுக்குள் நூற்றுக்கணக்கான வண்டுகள் வந்திறங்கும். அவற்றுக்குப் பெயர் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் மிகக் கொஞ்சப் பேர்.

ஒக்டோபர் 14, செவ்வாய்: வெள்ளவத்தை, பிறகு கறுவாத்தோட்டம்

புறக்கோட்டையில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை, மழை தூறிக்கொண்டிருந்தது. பிளேன்ரீ 50 ரூபா. வெள்ளவத்தைக்கு ஓட்டோக்காரர் ஒருவர் 1,500 கேட்டார். மழையையும் என் பையையும் பார்த்துச் சொன்ன விலை அது. தேத்தண்ணியை முடித்துவிட்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். காலி வீதி முழுக்கத் தீபாவளி விளம்பரம்.

மாமி இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்துக் காத்திருந்தார். ஈர உடுப்பைக் காயப்போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தவர், "இவ்வளவு சின்னனா? இதுக்காகவா இரவு முழுக்க நித்திரை முழிச்சு வந்தனீ? மறுகா, இதால சனத்துக்கு என்னகா பிரயோசனம்?" என்றார்.

மாமிக்கு அவுஸ்திரேலியாவைச் சொன்னேன். அங்கே ஐரோப்பியர் மாடுகளைக் கொண்டுபோய் இறக்கியபோது, உள்ளூர் சாணி வண்டுகளுக்குக் கங்காரு போன்றவற்றின் காய்ந்த எச்சம்தான் பழக்கம். ஈரமான மாட்டுச் சாணியைப் பெரும்பாலானவை தொடவில்லை. சாணி அப்படியே புல்லை மூடிக் காய்ந்து கிடந்தது, ஈ பெருகியது. கடைசியில் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆபிரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. யாரும் கூலி கொடுக்காமல், இரவோடு இரவாக இந்த வண்டுகள் எருவை மண்ணுக்குள் இறக்குகின்றன. மாமி ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டு இடியப்பத்தைத் தட்டில் போட்டார்.

கறுவாத்தோட்டத்தில் இருக்கும் நூதனசாலைக்கு ஓட்டோ. மீற்றர் போட்டு 520 ரூபா வந்தது. சாரதி மருதானைக்காரர், வயதானவர். நான் போகுமிடம் கேட்டதும், "அது எங்கட ஆள் கட்டின கட்டிடம், தெரியுமா மகள்?" என்று தொடங்கினார். ஆளுநர் கிரகரி காலத்தில் கட்டி 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்த கட்டடம்; கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார். வேலை முடிந்ததும் என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் பூட்டிவைத்தால் போதும் என்றாராம் மரிக்கார். கொழும்பு முஸ்லிம்கள் சொல்லிச் சொல்லி வந்த கதை இது. சாரதி அதைச் சொந்தப் பாட்டன் கதை போலவே சொன்னார். மீதிக் காசை ஒரு ரூபா குறையாமல் எண்ணித் தந்தார்.

வெளியே பெரிய ஆலமரங்கள், வெள்ளைக் கட்டடம், புல்தரையில் கிரகரியின் சிலை. பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வரிசையில் நின்றார்கள். இவற்றை ஆற அமரப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. எனக்கு வேண்டியது பொதுமக்கள் போகாத பகுதி.

அங்கே ஓர் உத்தியோகத்தர் கடிதத்தைப் பார்த்தார். முதல் கேள்வியே, "மாதிரிகளை ஆழ்குளிரில் வைத்து எடுத்தீர்களா, மிஸ்?" என்பதுதான். எங்கள் ஆய்வுகூடத்தில் வைத்து எடுத்திருந்தோம். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பூச்சி அலுமாரிகளுக்கு மிகப் பெரிய எதிரியும் ஒரு வண்டுதான். அந்திரீனஸ் என்று ஒரு சிறு வண்டு இருக்கிறது. அதன் குடம்பி, அதாவது புழுப் பருவம், காய்ந்த பூச்சி மாதிரிகளைத் தின்று தூளாக்கிவிடும். வெளியிலிருந்து வரும் ஒரு பெட்டியில் அது ஒளிந்து வந்தால் பல தலைமுறை சேர்த்தது போய்விடும். கொழும்பின் ஈரப்பதனில் பூஞ்சணம் வேறு. இத்தனைக்கும் நடுவில் இந்த மாதிரிகளை இவ்வளவு காலம் காத்துவந்தவர்களை நினைக்கும்போது எனக்கு உண்மையில் நன்றி பெருகியது.

இழுப்பறை திறந்ததும் நப்தலீன் வாசம் மூக்கில் ஏறியது. உள்ளே ஊசி ஊசியாக வண்டுகள், ஒவ்வொன்றுக்கும் கீழே மையால் எழுதிய சின்ன லேபல்: இடம், திகதி, பிடித்தவர் பெயர். எங்கள் வண்டு ஒந்தோபேகஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. உலகில் விவரிக்கப்பட்ட வண்டுகள் ஏறத்தாழ 4 லட்சம். இந்த ஒரு பேரினத்தில் மட்டுமே 2,000 இனங்களுக்கு மேல். அவற்றில் எதுவும் எங்களுடையது இல்லை என்று காட்டினால்தான் எங்கள் வண்டு புதியது. மாலை வரை இழுப்பறைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்ததோடு சரி.

ஒக்டோபர் 15, புதன்: கரண்ட் போன மத்தியானம்

காலை முழுக்க நுணுக்குக்காட்டி. எங்கள் வண்டு கறுப்பு, முன்மார்புக் கவசத்தில் மட்டும் மங்கலான பச்சை மினுக்கம். ஆணின் தலையில் பின்பக்கமாக வளைந்த இரண்டு கொம்புகள். பார்த்தவுடனே புதியது என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லி ஏமாந்தவர்கள் நிறைய. ஒந்தோபேகஸ் ஆண்களில் பல இனங்களுக்கு இரண்டு வடிவம் உண்டு. குடம்பியாக இருக்கும்போது நிறையச் சாணி கிடைத்தவன் பெரியவனாகி நீண்ட கொம்பு வளர்ப்பான். பெண் இருக்கும் சுரங்கத்தின் வாசலில் நின்று மற்ற ஆண்களைத் தடுப்பான். கொஞ்சமாகக் கிடைத்தவனுக்குக் கொம்பு இராது, அல்லது சின்ன மேடாக மட்டும் இருக்கும். அவன் சண்டைக்குப் போகாமல் பக்கத்தால் இன்னொரு வழி தோண்டி உள்ளே நுழைவான். இரண்டு பேரும் ஒரே இனம். அந்தக் காலத்தில் காய்ந்த மாதிரியை மட்டும் பார்த்தவர்கள் இப்படிப்பட்ட வேறுபாடுகளை நம்பி வேறு வேறு பெயர் வைத்ததும் உண்டு.

ஆகவே கொம்பையும் நிறத்தையும் நம்பக்கூடாது. கடைசியில் தீர்ப்புச் சொல்வது ஆணின் இனப்பெருக்க உறுப்பு. வயிற்றுப் பகுதியைக் காரக் கரைசலில் மென்மையாக்கி, மெல்லிய ஊசியால் உறுப்பை வெளியே எடுத்து, கிளிசரின் துளியில் போட்டுப் பார்க்க வேண்டும். அதன் நுனியின் வடிவம் பெரும்பாலும் இனத்துக்கு இனம் மாறும். நூதனசாலையின் மாதிரிகளை வெட்ட எனக்கு அனுமதி இல்லை, கேட்கவும் மனம் வராது. என்னுடையதை ஊரிலேயே பிரித்துக் கொண்டுவந்திருந்தேன். ஒப்பிட, வெளிவந்த கட்டுரைகளின் வரைபடங்கள் கையில் இருந்தன.

மத்தியானம் சோற்றுப் பார்சல், மீனோடு 450 ரூபா. பருப்பு, பலாக்காய்க் கறி, ஒரு துண்டு மீன், பப்படம். பார்சலின் அளவுக்கு விலை நியாயம்தான், ஆனால் உறைப்பு அதிகம். சாப்பிட்டு முடியவும் வானம் இருண்டு இடி இறங்கியது. ஒக்டோபரில் கொழும்புக்கு இது வழமை: காலையில் வெயில், பின்னேரம் இடி மழை. இரண்டாவது இடியோடு கரண்ட் போயிற்று, நுணுக்குக்காட்டியின் விளக்கும் அணைந்தது.

அங்கே வேலை செய்யும் ஒரு பெரியவர், சிங்களவர், "மிஸ், ஜன்னலுக்குக் கிட்ட வாங்க, வெளிச்சம் இருக்கு" என்று தமிழில் கூப்பிட்டு, தானே மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்து நகர்த்தினார். இளவயதில் புறக்கோட்டையில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்தபோது பழகிய தமிழாம். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், இந்த அலுமாரிகளைத் தேடி வருகிறவர்கள் குறைவு என்றார். என் வண்டைக் கண்ணாடியால் பார்த்து, எந்தக் காட்டில் பிடித்தது என்று கேட்டார். அவரிடம் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன். கட்டுரை வெளிவரும் முன் இடத்தை எழுதினால் சேகரித்து விற்கிறவர்கள் அங்கே போகக்கூடும்.

கரண்ட் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. எங்கள் வண்டு இதுவாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட இனங்களின் பட்டியலில் நான்கை ஜன்னல் வெளிச்சத்திலேயே தள்ளிவிட்டேன். வீடு திரும்பும்போது காலி வீதியில் முழங்கால் அளவு தண்ணீர், ஓட்டோ 900 ரூபா. செருப்பின் வார் அறுந்தது. மாமியின் செருப்பு என் காலுக்குச் சரியாக இருந்தது.

ஒக்டோபர் 16, வியாழன்: ஒரு பெயர் மட்டும் மிச்சம்

பத்து மணியளவில் பட்டியலில் ஒரேயொரு பெயர் மிஞ்சியது. 1850களின் கடைசியில் பிரான்சிஸ் வோக்கர் இலங்கையிலிருந்து போன பூச்சிகளை லண்டனில் இருந்தபடி விவரித்து, தொடராகக் கட்டுரை வெளியிட்டார். அவருடைய விவரிப்புகள் சில வரிகள்தான். நிறம், நீளம், கொம்பு, அவ்வளவே. உறுப்பைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அன்று இல்லை. அவர் வைத்த பெயர்களில் ஏராளமானவை, வேறொருவர் ஏற்கெனவே பெயர் வைத்த பூச்சிக்கே வைத்தவை என்று பிறகு தள்ளுபடியாகின. நின்றவையும் உண்டு, ஒந்தோபேகஸ் டர்பேட்டஸ் அவர் 1858இல் வைத்த பெயர், தென்னிந்தியப் பட்டியல்களில் இன்றும் இருக்கிறது. 1931இல் கில்பர்ட் ஆரோ எழுதிய சாணி வண்டுத் தொகுதி இந்தியா, பர்மா, இலங்கை மூன்றையும் சேர்த்துப் பார்த்தது. இன்றும் நாங்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

மிச்சம் நின்ற அந்தப் பெயரும் பழையது, அதன் விவரிப்பும் சில வரிகள். கொழும்பு இழுப்பறையில் அந்தப் பெயரோடு இருக்கும் வண்டுகள் என்னுடையவை அல்ல. முன்மார்புப் புள்ளிகள் அவற்றில் நெருக்கமாக இருக்கின்றன, என்னுடையதில் ஐதாக. ஆனால் அந்த வண்டுகளுக்கு அந்தப் பெயரைச் சரியாகத்தான் போட்டார்களா? அதைச் சொல்லக்கூடியது ஒரே ஒரு பொருள்: பெயர் வைத்தவர் கையில் வைத்திருந்த அந்த மாதிரி. அது லண்டனில் இருக்கிறது.

என் மனம் இங்கேதான் நிற்கிறது. எங்கள் காட்டில், எங்கள் மாட்டுச் சாணியில் வாழும் வண்டு. அதன் பெயருக்குச் சாட்சியான மாதிரி எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால். மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் ஒரு பிள்ளை அதைப் பார்க்க விசாவும் விமானச் செலவும் வேண்டும். அங்கே அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், கேட்டால் படம் எடுத்தும் அனுப்புவார்கள்; அதை நான் மதிக்கிறேன். என்றாலும் இனிமேல் விவரிக்கும் ஒவ்வோர் இலங்கை வண்டின் முதல் மாதிரியும் இந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். இரவு பஸ் ஏறி வந்தால் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

மாதிரி எங்கே இருக்கும் என்று விலங்கியல் பெயரிடல் விதியும் கேட்கிறது. 1999க்குப் பிறகு பெயர் வைப்பவர், பெயரைத் தாங்கும் மாதிரி எது என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். அதுதான் ஹோலோடைப். அது எந்த ஊரில், எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பெயரே செல்லாது.

சேரைப் போனில் கூப்பிட்டேன். எங்கள் கட்டுரையில் வேறு நாட்டவரும் சேர்ந்திருக்கிறார்கள், மாதிரிகளைப் பங்கிடும் பேச்சு இருந்தது. ஹோலோடைப் கொழும்பில்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதைத்தான் நானும் யோசிச்சனான். அவையளுக்கு நான் எழுதிறன்" என்றார்.

பின்னேரம் மழை இல்லை. மாமியோடு காலிமுகத்திடலுக்குப் போனேன். இறால் வடை இரண்டு 300 ரூபா. வெங்காயமும் மிளகாயும் தூவித் தந்தார்கள். கடல்காற்றில் பட்டங்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் வடையைப் பிள்ளைகளுக்கு எண்ணிப் பங்கிட்டது, தாய் தனக்கு எடுக்கவில்லை. மாமி பேசாமல் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டுபோய் அந்தத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பெண் சிங்களத்தில் ஏதோ சொன்னார், மாமி தமிழில் பதில் சொன்னார்.

ஒக்டோபர் 17, வெள்ளி: புறக்கோட்டை

காலையில் புறக்கோட்டைக்குப் போய்க் கிளிசரின், சின்னக் கண்ணாடிக் குப்பிகள், நப்தலீன் வாங்கினேன். தீபாவளிச் சனம், நடக்க இடமில்லை. பூச்சி குத்தும் ஊசி எங்கும் இல்லை. தையல் ஊசி துருப்பிடித்து மாதிரியைக் கெடுத்துவிடும், வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கத்தான் வேண்டும். குப்பி விற்ற கடைக்கார ஐயா எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "படிக்கிற பிள்ளைக்கு இருபது ரூபா குறைச்சுக்கொள்ளுறன்" என்று தானாகவே குறைத்தார். உடுப்புக் கடை வாசலில் மாமி அரை மணித்தியாலம் பேரம் பேசி எனக்கு ஒரு சட்டை வாங்கினார். 3,200 சொன்னது 2,600க்கு வந்தது.

மத்தியானம் மாமி வீட்டு மேசையில் லேபல் எழுதினேன். ஹோலோடைப்புக்குச் சிவப்பு லேபல் போடுவது வழக்கம். நீண்ட கொம்புள்ள ஆண்களில் கால்கள் ஆறும், உணர்கொம்பு இரண்டும் முழுதாக உள்ள ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். அதன் உறுப்பைக் கிளிசரின் குப்பியில் இட்டு அதே ஊசியில் குத்தினேன், இரண்டும் பிரிந்துபோகக்கூடாது. கொம்பில்லாத ஆண்களையும் பெண்களையும் துணை மாதிரிகளாகக் குறித்தேன். பின்னால் வருகிறவர் இரண்டு வடிவத்தையும் பார்த்தால்தான் குழம்பமாட்டார்.

பெயர் என்ன என்று மாமி கேட்டார். அவருக்கு மட்டும் சொன்னேன். இங்கே எழுதவில்லை. இப்படி இணையத்தில் எழுதினால் அது வெளியீடு ஆகாது. விவரிப்பு இல்லாமல் வெளியே போன பெயர் வெறும் பெயராகவே அலையும். 2012இலிருந்து மின்வடிவில் வரும் கட்டுரையிலும் பெயர் வைக்கலாம், ஆனால் விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அதையெல்லாம் முறையாகச் செய்வோம்.

லண்டனுக்கு எழுதும் கடிதத்தை ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டேன்: தலையின் மேற்பக்கம், முன்மார்பு, முடிந்தால் உறுப்பின் நுனி, மூன்று படங்கள். தீபாவளி முடிய அனுப்புவேன். அந்த நுனி என்னுடையதுபோல் இருந்தால் எங்கள் வண்டுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, புதிய கட்டுரை தேவையில்லை. வேறாக இருந்தால் சிவப்பு லேபல் போட்ட பெட்டியோடு மறுபடியும் கறுவாத்தோட்டத்துக்கு வந்து, அந்த உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பேன்.